அமெரிக்க மாஜாங்: முதல் முறை மேஜையில் உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சியில் நான் குடியிருக்கும் தெருவில், எழுபது வயதைத் தாண்டிய நான்கு பெண்கள் வாரம் ஒரு நாள் கூடி மாஜாங் ஆடுவார்கள். ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது நாற்காலி ஒன்று காலியானது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அங்கேதான் கற்றுக்கொண்டேன். இப்போது நானும் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் இவை.

கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி இரண்டு காய்களைத் தேடி அழிப்போமே, அந்த மாஜாங்தானே?

இல்லை. அது ஒருவர் தனியாக ஆடுகிற புதிர். 1981-ல் பிராடி லாக்கார்ட் என்பவர் பிளேட்டோ என்ற பழைய கணினி அமைப்பில் உருவாக்கியது. 1986-ல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதை ‘ஷாங்காய்’ என்ற பெயரில் வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. காய்களில் உள்ள படங்கள் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. உண்மையான மாஜாங் நான்கு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது.

அப்படியானால் எந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் வரும்?

ரம்மி. கையில் 13 இருக்கும், ஒன்றை எடுத்து ஒன்றைப் போடுவோம், ஜோக்கர் உண்டு, முதலில் கையை முடிப்பவர் வெற்றி. ரம்மி ஆடியவர்களுக்கு எடுத்துப் போடுகிற தாளம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

ஆனால் ரம்மிப் பழக்கமே ஒரு இடத்தில் தடுக்கி விடும். ரம்மியில் 4, 5, 6 என்று வரிசை சேர்ப்பதுதான் உயிர். இங்கே பெரும்பாலும் ஒரே காயையே மூன்று, நான்கு என்று சேர்க்கிறோம். கையில் 4, 5, 6 வந்தவுடன் ரம்மி மனசு சந்தோஷப்படும். அந்தச் சந்தோஷத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. ரம்மியில் எந்த வரிசை, எந்த செட் என்பது உங்கள் விருப்பம். இங்கே எந்தெந்தக் காய்கள் சேர்ந்த கையில் வெல்லலாம் என்பது ஒரு கார்டில் அச்சடித்து வைக்கப்பட்டிருக்கும். அதில் இல்லாத கை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெற்றி இல்லை.

இது சீன ஆட்டம் அல்லவா? ‘அமெரிக்க’ என்று ஏன் சொல்கிறார்கள்?

பிறப்பு சீனாவில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில், ஷாங்காயை ஒட்டிய யாங்சி ஆற்றுக் கழிமுகப் பகுதியில் உருவானது. சூசோ நகரில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஜோசப் பார்க் பாப்காக் என்ற அமெரிக்கர், 1920-ல் ஆங்கிலத்தில் ஒரு விதிப் புத்தகம் போட்டு இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். சீன எழுத்து தெரியாதவர்களுக்காகக் காய்களின் மூலையில் 1, 2, 3 என்று எண் போடும் வழக்கம் அப்போதுதான் வந்தது.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்க மாஜாங் பித்து பிடித்தது. காய் செய்ய எலும்பு போதாமல், சிகாகோ கசாப்புக் கூடங்களிலிருந்து மாட்டெலும்பைக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பிச் செதுக்கி வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி என்று ஆனதும் ஆட்டம் குழம்பிப்போய் மோகமும் வடிந்தது. அதைச் சரிசெய்யத்தான் 1937-ல் நியூயார்க்கில் நேஷனல் மாஜாங் லீக் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் யூதப் பெண்கள். நாடு முழுக்க ஒரே விதி, வருடத்துக்கு ஒரு புதிய கார்டு என்று அவர்கள் வகுத்த முறைதான் இன்று ‘அமெரிக்க மாஜாங்’.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இதைக் காப்பாற்றி வளர்த்தவர்களும் அந்தப் பெண்கள்தான். கோடையில் கேட்ஸ்கில் மலையில் குடில் எடுத்துக் குழந்தைகளோடு தங்குவார்கள். கணவர்கள் வாரம் முழுக்க நகரத்தில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வருவார்கள். நடுவில் உள்ள நாட்களில் முற்றத்தில் மாஜாங் காய் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். யூதக் கோயில்களின் மகளிர் சங்கங்கள் லீக்கின் கார்டுகளை விற்று, கிடைத்ததை அறப்பணிக்குக் கொடுத்தன. என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இந்த ஆட்டம் அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. காயைத் தொடும்போது அவர் முகத்தில் தெரிவதை நான் நம் ஊரில் பல்லாங்குழியை எடுத்துத் துடைத்து வைக்கிற பாட்டிகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவிலேயே வேறு முறைகளும் உண்டு. ஓஹையோவில் உள்ள ரைட்-பாட்டர்சன் விமானப்படைத் தளத்து அதிகாரிகளின் மனைவிகள் வகுத்த முறை ஒன்று ராணுவக் குடும்பங்களிடையே பரவியிருக்கிறது. சீன அமெரிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் கான்டனீஸ் முறைப்படி ஆடுகின்றன. கார்டு, ஜோக்கர் எதுவும் அதில் கிடையாது. அவர்கள் முன்னால் ‘இதுதான் மாஜாங்’ என்று நாம் பேசக் கூடாது. 2021 ஜனவரியில் டல்லாஸில் ஒரு நிறுவனம் பாரம்பரியப் படங்களை நீக்கிவிட்டுப் புதுக் காய்களைச் செய்து, பழைய காய்களுக்குப் ‘புத்துணர்ச்சி’ தருவதாக விளம்பரம் செய்தபோது, சீன அமெரிக்கர்கள் மனம் புண்பட்டார்கள். பெரிய எதிர்ப்பு வந்து அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. யாருடைய வீட்டுச் சொத்து என்று தெரிந்து ஆடுவது நல்லது.

மொத்தம் எத்தனை காய்கள்? எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

152. மூன்று இனங்கள் இருக்கின்றன: வட்டம் போட்ட டாட், மூங்கில் போட்ட பேம், சீன எழுத்து உள்ள கிராக். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, ஒவ்வொரு எண்ணும் நான்கு. ஆக 108. நான்கு திசைக் காற்றுகள், நான்கு நான்காக 16. மூன்று டிராகன்கள், நான்கு நான்காக 12. பூக்கள் 8, ஜோக்கர் 8.

முதல் வாரம் எல்லோரும் தடுமாறுகிற இடங்கள் மூன்று. ஒன்று, 1 பேம். அதில் மூங்கில் இருக்காது, ஒரு பறவை இருக்கும். பூ என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு, வெள்ளை டிராகன். வெறும் சட்டம் மட்டும் போட்ட காய் அது. ஆடுகிறவர்கள் அதை ‘சோப்’ என்பார்கள், சோப்புக் கட்டி மாதிரி இருப்பதால். மூன்று, பூக்கள். ஒவ்வொரு பூவிலும் வேறு படம், வேறு எண் இருக்கும். சீன முறையில் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. இங்கே இல்லை, எட்டும் ஒரே காய்தான்.

டிராகன்களுக்கு இனத்தோடு உறவு உண்டு. சிவப்பு டிராகன் கிராக்கோடு, பச்சை டிராகன் பேமோடு, சோப் டாட்டோடு. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு படிக்கும்போது தேவைப்படும்.

அந்தக் கார்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுப் போவது இந்தப் பயத்தால்தான். கார்டு மேஜையில் உங்கள் முன்னால் திறந்தே இருக்கும். ஐம்பது வருடம் ஆடியவர்களும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள். தவிர, வருடா வருடம் ஏப்ரல் வாக்கில் புதுக் கார்டு வந்துவிடும், பழைய கைகள் போய்விடும். அன்றைக்கு நாற்பது வருட அனுபவசாலியும் உங்களைப் போலவே விரலை வைத்து வரி வரியாகப் படிப்பார். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் அது. புதிதாக வருகிறவர்கள் சேர வருடத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் புதுக் கார்டு வரும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கார்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட கைகள் இருக்கும், ஆனால் அவை பிரிவு பிரிவாக இருக்கும். அந்த வருடத்தின் எண்களைக் கொண்ட கைகள் (2025 என்றால் 2, 0, 2, 5, பூஜ்ஜியத்துக்குச் சோப்), இரட்டைப்படை எண்கள், ஒற்றைப்படை எண்கள், 3-6-9, அடுத்தடுத்த எண்கள், ஒரே எண் மூன்று இனத்திலும், ஒரே காய் ஐந்து சேர்ப்பது, காற்றும் டிராகனும், கடைசியாக ஒற்றையும் ஜோடியும் மட்டும் கொண்ட கைகள். கையில் காய் வந்ததும் ஐம்பதையும் பார்க்காதீர்கள். முதலில் எந்தப் பிரிவு என்று மட்டும் பாருங்கள். இரட்டைப்படை நிறைய இருக்கிறதா? அந்தப் பிரிவில் உள்ள ஆறேழு வரிகளை மட்டும் படித்தால் போதும்.

கார்டில் நீலம், பச்சை, சிவப்பு என்று நிறங்கள் இருக்கின்றனவே. பச்சை என்றால் பேம், சிவப்பு என்றால் கிராக்கா?

இல்லை. எல்லோரும் விழுகிற குழி இது. நானும் முதல் மாதம் முழுக்க அப்படித்தான் நினைத்து ஆடினேன். கார்டில் நிறம் எந்த இனம் என்று சொல்வதில்லை, எத்தனை இனம் என்று மட்டும் சொல்கிறது.

விளக்கத்துக்காக நானே ஒரு கையை எழுதுகிறேன், எந்தக் கார்டிலும் தேடாதீர்கள்: பூ பூ, 2222, 4444, 6666. மொத்தம் 14 காய், கையில் உள்ள 13-உம் வெற்றி தரும் கடைசிக் காயும். எண்கள் மூன்றும் ஒரே நிறத்தில் அச்சாகியிருந்தால் எல்லாம் ஒரே இனமாக இருக்க வேண்டும். டாட்டா, பேமா, கிராக்கா என்பது உங்கள் விருப்பம். மூன்றும் மூன்று நிறத்தில் இருந்தால் மூன்று வெவ்வேறு இனம். 2 கிராக்காகவும் 4 டாட்டாகவும் 6 பேமாகவும் இருக்கலாம், மாற்றியும் இருக்கலாம். இதே வரியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து எண்ணின் நிறத்திலேயே வந்தால், அந்த இனத்துக்குரிய டிராகன் என்று பொருள். எஃப் என்றால் பூ.

வரியின் கடைசியில் எக்ஸ் அல்லது சி என்று ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எக்ஸ் என்றால் மற்றவர் போட்ட காயை வாங்கி வெளியே வைக்கலாம். சி என்றால் மூடிய கை. எல்லாவற்றையும் நீங்களே சுவரிலிருந்து, அதாவது கவிழ்த்து அடுக்கிய காய்களிலிருந்து, எடுக்க வேண்டும், வெற்றி தரும் கடைசிக் காயை மட்டும் மற்றவர் போட்டதிலிருந்து வாங்கலாம். எண் என்பது மதிப்பு, 25-இல் தொடங்கும். முதல் இரண்டு மாதம் 25, 30 மதிப்புள்ள எக்ஸ் கைகளை மட்டும் ஆடுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

சுவர் கட்டுவது, பங்கீடு எல்லாம் எப்படி?

ஒவ்வொருவரும் தன் தாங்கியின் (காய்களை நிறுத்தி வைக்கும் நீளமான சட்டம்) முன்னால் 19 காய் நீளத்துக்கு, இரண்டு அடுக்காகக் கவிழ்த்து வைக்க வேண்டும். 38 நான்கு தடவை, 152. கிழக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் பகடை உருட்டி, வந்த எண்ணை வலப்பக்கத்திலிருந்து எண்ணிச் சுவரைப் பிளப்பார். ஆளுக்கு நான்கு நான்காக மூன்று முறை, அப்புறம் ஒன்று. கிழக்குக்கு மட்டும் ஒன்று கூடுதலாக 14. பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஒரு தடவை செய்து பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

சார்ல்ஸ்டன் என்றால் என்ன?

அமெரிக்க மாஜாங்குக்கு மட்டும் உரிய சடங்கு. 1920-களில் பிரபலமான நடனத்தின் பெயர். ஆட்டம் தொடங்கும் முன் வேண்டாத காய்களை மூன்று மூன்றாக ஒருவருக்கொருவர் தள்ளிக்கொள்வோம்.

முதல் சுற்று கட்டாயம். மூன்று காய் வலப்பக்கத்தவருக்கு, மூன்று எதிரில் இருப்பவருக்கு, மூன்று இடப்பக்கத்தவருக்கு. இரண்டாவது சுற்று தலைகீழ்: இடது, எதிர், வலது. இந்த ஆறு நகர்வின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ரோலர்’ மாதிரி வரும், அப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது சுற்று வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொன்னாலும் அது கிடையாது. கடைசியில் எதிரே இருப்பவரோடு மட்டும் மரியாதைப் பரிமாற்றம் ஒன்று உண்டு. ஒன்றும் இல்லாமலிருந்து மூன்று வரை இருவரும் ஒத்துக்கொண்ட அளவு. ஒருவர் ஒன்று, இன்னொருவர் மூன்று கேட்டால் ஒன்றுதான்.

கொடுக்க மூன்று காய் இல்லையென்றால்? முதல் சுற்றின் கடைசி நகர்விலும் இரண்டாவது சுற்றின் கடைசி நகர்விலும் மட்டும், உங்களுக்கு வருகிற காயைப் பார்க்காமலேயே அப்படியே அடுத்தவருக்குத் தள்ளலாம். ஜோக்கரை மட்டும் எந்த நகர்விலும் கொடுக்கக் கூடாது.

புதியவர்கள் இதை அவசரமாக முடித்துவிட்டு ‘நிஜ ஆட்டத்துக்கு’ப் போக நினைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் ஆட்டத்தின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. பதின்மூன்று காயோடு உட்கார்ந்தீர்கள், எழும்போது கை முழுக்க மாறியிருக்கும். எந்தக் கையை நோக்கிப் போகிறோம் என்பது இங்கே தீர்மானமாகிறது. அதோடு, மற்றவர் என்ன வேண்டாமென்று தள்ளுகிறார் என்பதும் தெரியும். மூன்று பேரும் உங்களுக்குக் காற்றுகளையே தள்ளினால், காற்றுக் கையை யாரும் கட்டவில்லை. அப்போது நீங்கள் கட்டலாம்.

எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது?

முதலில் ஜோடிகளைப் பாருங்கள். எதிலும் ஒட்டாத ஒற்றைக் காய்கள் முதலில் போகட்டும். ஜோடியை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள், அவர் கையைக் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பூவையும் சீக்கிரம் விடாதீர்கள், நிறையக் கைகளுக்கு அது தேவை. இரண்டு கைகளை மனதில் வைத்துக்கொண்டு நகருங்கள். ஒன்றையே பிடித்துக்கொண்டால் அதற்கான காய் வெளியே போனதும் வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். நான்கைந்தை வைத்துக்கொண்டால் எதுவும் முடியாது.

ஆட்டம் எந்தப் பக்கம் சுற்றும்? மற்றவர் போட்ட காயை எப்போது வாங்கலாம்?

வலப்பக்கமாகச் சுற்றும். கிழக்கு முதலில் ஒரு காயைப் போடுவார். அப்புறம் ஒவ்வொருவரும் சுவரிலிருந்து ஒன்று எடுத்து, ஒன்றைப் பேர் சொல்லி நடுவில் போட வேண்டும்.

போட்ட காய் உங்களுக்கு மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ உதவினால், யார் முறையாக இருந்தாலும் வாங்கலாம். அடுத்தவர் தன் காயை எடுத்துத் தாங்கியில் வைப்பதற்குள், அல்லது போடுவதற்குள், சொல்லிவிட வேண்டும். வாங்கியதும் அந்தக் காய்க் கூட்டத்தை எல்லோரும் பார்க்கும்படி தாங்கியின் மேல் வைத்து, ஒரு காயைப் போட வேண்டும். ஆட்டம் உங்கள் வலப்பக்கத்திலிருந்து தொடரும், நடுவில் இருந்தவர்கள் முறையை இழப்பார்கள். இரண்டு பேர் ஒரே காயைக் கேட்டால், முறைப்படி முன்னால் வருபவருக்கு. ஆனால் அதை வைத்து வெற்றி பெறுபவர் இருந்தால் அவருக்கே முன்னுரிமை.

ஒற்றைக்கோ ஜோடிக்கோ வாங்க முடியாது. அந்த ஒரு காயோடு கை முடிகிறது என்றால் மட்டும் வாங்கலாம். எனவே கையில் ஜோடி அரைகுறையாக இருந்தால் அதைச் சுவரிலிருந்துதான் எதிர்பார்க்க வேண்டும். கையைத் தேர்ந்தெடுக்கும்போதே ‘இதில் ஜோடி என்னிடம் இருக்கிறதா?’ என்று பாருங்கள். மூன்றும் நான்கும் எப்படியாவது சேர்ந்துவிடும், ஜோடிதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஜோக்கரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமா?

மூன்றும் அதற்கு மேலும் உள்ள கூட்டத்தில் மட்டும். ஜோடியிலும் ஒற்றையிலும் கூடவே கூடாது. ஒற்றையும் ஜோடியும் மட்டும் கொண்ட பிரிவில் ஜோக்கருக்கு வேலையே இல்லை.

இந்த ஆட்டத்தின் அழகான விதி ஒன்று ஜோக்கரைச் சேர்ந்தது. ஒருவர் 5 டாட் மூன்றையும் ஒரு ஜோக்கரையும் வெளியே வைத்திருக்கிறார். உங்கள் கையில் நான்காவது 5 டாட் இருக்கிறது. உங்கள் முறை வரும்போது, காயை எடுத்த பிறகு, அந்த 5 டாட்டைக் கொடுத்து ஜோக்கரை எடுத்துக்கொள்ளலாம். அவர் கைக்கு ஒரு குறையும் இல்லை, உங்களுக்கு ஜோக்கர் கிடைத்தது. அதனால் வெளியே தெரியும் ஜோக்கர்களை எப்போதும் கண் தேடிக்கொண்டே இருக்கட்டும். உதவாத காய் என்று போடப் போகும் முன் ஒரு தடவை நான்கு தாங்கிகளையும் பாருங்கள்.

போட்ட ஜோக்கரை யாரும் வாங்க முடியாது. இதற்கும் ஒரு பயன் உண்டு, கீழே சொல்கிறேன்.

தப்பு செய்துவிட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலான தப்புகளுக்குக் கை ‘செத்துப்போகும்’. காய் எண்ணிக்கை கூடவோ குறையவோ இருந்தால், வெளியே வைத்தது கார்டில் உள்ள எந்தக் கைக்கும் பொருந்தாவிட்டால், மூடிய கைக்காக ஆடிக்கொண்டே கூட்டத்தை வெளியே வைத்தால். அந்த ஆட்டத்தில் நீங்கள் மேற்கொண்டு எடுக்கவோ போடவோ முடியாது, ஆனால் வென்றவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். முதல் நாள் எனக்கு இரண்டு ஆட்டம் செத்தது. அந்த அம்மாக்கள் என் காய்களைத் திறக்கச் சொல்லி எங்கே போனது என்று காட்டினார்கள். நல்ல மேஜை அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 13 காய் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது ஒன்றே பாதி விபத்தைத் தடுக்கும்.

பணம் வைத்துத்தான் ஆட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பல மேஜைகளில் சில்லறைக் காசு இருக்கும், அதுவும் ஆளுக்கு ஐந்து டாலர் போன்ற வரம்போடு. அது தீர்ந்தால் அதற்கு மேல் கொடுக்க வேண்டாம், ஆட்டம் தொடரும். நம் வீடுகளில் சூதாட்டம் என்ற சொல்லே பலருக்கு உறுத்தும். நான் சொல்லிக்கொடுக்கும் மேஜையில் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம், சுவாரசியம் குறைவதில்லை.

ஆனால் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆட்டத்தின் நியாயம் அதில் இருக்கிறது. 25 மதிப்புள்ள கையை ஒருவர் முடிக்கிறார். கடைசிக் காயைப் போட்டவர் இரட்டிப்பாக 50 கொடுக்க வேண்டும், மற்ற இருவரும் 25. சுவரிலிருந்து தானே எடுத்து முடித்தால் மூவரும் 50. ஜோக்கரே இல்லாமல் முடித்திருந்தால் எல்லாம் இன்னொரு மடங்கு, ஒற்றை-ஜோடிப் பிரிவைத் தவிர. சுவர் தீர்ந்தும் யாரும் முடிக்கவில்லை என்றால் யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

மற்றவர் என்ன கட்டுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மந்திரம் இல்லை, கார்டுதான். ஒருவர் 2 பேம் நான்கை வெளியே வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அது பல கைகளில் வரும். கொஞ்ச நேரத்தில் 4 கிராக் நான்கை வைக்கிறார். இப்போது கார்டைப் பாருங்கள்: இரண்டு இரட்டைப்படை எண்கள், இரண்டு இனம், நான்கு நான்காக. நான் மேலே எழுதிய கை மாதிரி ஒன்று கார்டில் இருந்தால், அவருக்கு வேண்டியது 6 டாட்டும் பூவும். அதற்குப் பிறகு 6 டாட்டை யோசிக்காமல் போடுவது அவர் கையில் வெற்றியைக் கொடுப்பது.

சுவர் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டது, உங்கள் கை இன்னும் நான்கைந்து காய் தள்ளி இருக்கிறது என்றால், வெல்லும் ஆசையை விட்டுவிட்டுக் கொடுக்காமல் இருக்கப் பாருங்கள். ஏற்கெனவே நடுவில் இரண்டு மூன்று கிடக்கும் காயைப் போடுங்கள். எதுவும் பத்திரமாகத் தெரியவில்லையா, ஜோக்கரைப் போடுங்கள். யாராலும் வாங்க முடியாத ஒரே காய் அது. புதியவர்களுக்கு ஜோக்கரைப் போட மனசு வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் ஒரு தடவை அது உங்களைக் காப்பாற்றினால் புரிந்துவிடும்.

எந்த செட் வாங்குவது? சிங்கப்பூரில் வாங்கிய செட் வீட்டில் இருக்கிறது, அது போதுமா?

அப்படியே போதாது. சீன செட்டில் 144 காய், ஜோக்கர் இருக்காது. சிங்கப்பூர் செட்டில் பூனை, எலி, சேவல், பூரான் என்று நான்கு விலங்குக் காய்கள் சேர்ந்து 148. அந்த நான்கிலும் ஜோக்கர் ஒட்டுப்படம் ஒட்டினாலும் இன்னும் நான்கு குறையும். உபரியாக வெற்றுக் காய்கள் கூட வந்திருந்தால் சமாளிக்கலாம். மூலையில் எண் இல்லாத செட்டாக இருந்தால் கிராக் காய்களைப் படிக்கச் சிரமப்படுவீர்கள், இருந்தாலும் சீன எண்கள் ஒன்பதையும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குவதானால் 152 காயும், நான்கு தாங்கிகளும் உள்ள அமெரிக்க செட் வாங்குங்கள். விலை உயர்ந்த செட்டுக்கு ஆரம்பத்தில் அவசரமே இல்லை. கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும், சுமார் 15 டாலர். பெரிய எழுத்துக் கார்டும் உண்டு, கண்ணாடி போடுகிறவர்கள் அதையே வாங்குங்கள். இரவல் கார்டைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்து ஆடினால், நீங்கள் விரல் வைக்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிடும்.

நான்கு பேர் சேரவில்லை என்றால்?

மூன்று பேர் சார்ல்ஸ்டன் இல்லாமல் ஆடலாம். இரண்டு பேருக்குச் ‘சயாமீஸ்’ என்று ஒரு முறை உண்டு, ஆளுக்கு இரண்டு கைகளைக் கட்டுவது. ஐந்து பேர் இருந்தால் முறைவைத்து ஒருவர் வெளியே உட்கார்ந்து, யார் வெல்வார் என்று ஊகிப்பார். கற்றுக்கொள்கிற ஆளுக்கு அந்த ஐந்தாவது நாற்காலிதான் சிறந்த பள்ளிக்கூடம். நான்கு கைகளையும் சுற்றி வந்து பார்க்கலாம்.

எவ்வளவு நாளில் வரும்? ஆன்லைனில் பழகலாமா?

மூன்று மணி நேரம் வீதம் நான்கைந்து உட்காரல்களில் யாரையும் கேட்காமல் ஆடத் தொடங்கிவிடுவீர்கள். தொடக்கத்தில் ஒரு ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பழகினால் கால் மணி நேரம். வேகம் தானாக வரும், அதற்காகப் பதற வேண்டாம்.

‘ஐ லவ் மாஜ்’ போன்ற தளங்களில் கணினியோடும் மற்றவர்களோடும் ஆடலாம். தப்பான காயை வாங்க அவை விடாது, அதனால் விதிகள் சீக்கிரம் பதியும். ஆனால் அதே காரணத்தால் மேஜைக்கு வந்ததும் தடுமாறுவீர்கள். அங்கே நீங்கள்தான் எண்ண வேண்டும், நீங்கள்தான் கவனிக்க வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது நான் செய்யச் சொல்லும் பயிற்சி வேறு. 13 காய்களை எடுத்து வையுங்கள், எந்தப் பிரிவு என்று ஒரு நிமிடத்தில் முடிவெடுங்கள், தள்ள மூன்று காய் தேர்ந்தெடுங்கள், கலைத்துவிட்டு மறுபடி எடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை, தேநீர் ஆறுவதற்குள். அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் ஊர் நூலகத்திலும் முதியோர் மையத்திலும் விசாரியுங்கள். பல இடங்களில் வாரம் ஒரு மாஜாங் மேஜை நடக்கிறது, நான்காவது ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.